ஆலயங்கள் வாய் திறக்கட்டும்!

இலங்கைத் தீவிலே பிறந்து மறைந்தவர்களின் கண்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று அங்குள்ளோருக்குப் பார்வை அளித்திருக்கின்றன. போரினாலும் இனப் பகையினாலும் கடன் சுமையினாலும் உலகின் செவிகளிலே அடிபட்ட இந்நாட்டின் பெயர், கண் தானம் என்ற ஒன்றினால் மாத்திரம் குறைவின்றிப் போற்றப்படுகின்றது. இப்பெருமையிலே தமிழ் பேசும் மக்களாகிய நமது பங்கு யாது? இவ்வினாவை மற்றவர் நம்மிடம் கேட்குமுன் நாமே நம்மை நோக்கிக் கேட்பது நன்று.

கண் தானம் இந்நாட்டில் வேரூன்றிய வரலாறு நீண்டதன்று. 1958ஆம் ஆண்டிலே, அப்பொழுது வைத்தியக் கல்லூரி மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, இறந்தோரின் கண்களை இருப்போருக்கு அளிக்குமாறு வேண்டிச் சிங்களப் பத்திரிகையொன்றிலே ஒரு கட்டுரை எழுதினார். எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. தம்மைப் பெற்ற தாயார் காலமானபோது அத்தாயாரின் கண்களையே தானமாக எடுத்துப் பிறருக்கு ஒளி கொடுத்தார். 1961இல் கண் தானச் சங்கம் உருவாயிற்று. 1964 முதல் இலங்கையரின் கண்கள் கடல் கடந்து செல்லத் தொடங்கின. முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா 1996இல் மறைந்தபோது அவர் கண்ணும் அவர் விருப்பப்படியே யப்பானுக்குச் சென்றது. அவருடைய அரசியலை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆயினும் ஒருவர் கொடுத்த கண்ணைக் கொடுக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது.

ஓர் இளைஞரின் கட்டுரை எவ்வாறு ஒரு தேசத்தின் வழக்கமாயிற்று? அதற்குரிய விடை வைத்தியசாலையிலே இல்லை, விகாரையிலே இருக்கின்றது. இரந்து வந்தவனுக்குத் தன் கண்களைப் பெயர்த்துக் கொடுத்த சிவி மன்னனின் ஜாதகக் கதையைச் சிங்களக் கிராமத்துக் குழந்தையும் அறியும். பௌத்த குருமார் அக்கதையைச் சொல்லித் தானத்தின் மேன்மையைப் போதித்தனர். தாமே முதலிற் கையொப்பமிட்டவர்களும் அவர்களுள் உண்டு. வைத்தியர் கேட்டிருந்தால் மக்கள் அஞ்சியிருப்பர். அரசு கேட்டிருந்தால் ஐயுற்றிருப்பர். தங்கள் பிறப்புக்கும் இறப்புக்கும் உடன் நிற்கும் குருவானவர் சொன்னபோது நம்பினர். இதுவே இவ்வெற்றியின் இரகசியம்.

இனி நம் பக்கம் பார்ப்போம். தானத்தைப் போற்றும் கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமுண்டா? திருக்காளத்தியிலே இறைவன் திருவிழியிற் குருதி வடியக் கண்டு, தன் கண்ணை அம்பினாற் பெயர்த்து அப்பியவரும், மற்றைக் கண்ணிலும் குருதி வடியவே தன் எஞ்சிய கண்ணையும் பெயர்க்கத் துணிந்தவருமான கண்ணப்பர் நம்முடைய நாயனார். புறாவின் உயிர் காக்கத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபியைச் சோழர் தம் குலமுதல்வனென்று பெருமை பேசினர். தன் முதுகெலும்பையே வச்சிராயுதமாக்கத் தந்த ததீசி முனிவரின் கதையைப் புராண படனத்திலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்புடையோர் தம் எலும்பையும் பிறர்க்கு உரியதாகக் கருதுவர் என்று அன்புடைமை அதிகாரத்திலே வள்ளுவர் அறைந்ததைப் பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர்.

இத்தனை இருந்தும், தெஹிவளை முதல் கொட்டாஞ்சேனை வரை கோபுரமும் கொடிமரமுமாக விளங்கும் நம் ஆலயங்களிலே, கண் தானம் பற்றியோ உடலுறுப்புத் தானம் பற்றியோ ஒரு பிரசங்கம் நிகழக் கேட்பது அரிதாகவே இருக்கின்றது. கும்பாபிஷேக மலரிலே அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கக் காண்பதும் அரிது. கண்ணப்பரைக் கதையிலே வைத்துக் கும்பிடுகின்றோம். வாழ்விலே பின்பற்றச் சொல்லுவார் இல்லை. குறை மக்களிடம் இருப்பதாக நாம் கருதவில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் மௌனமாக இருக்கின்றனர் என்பதே நம் குற்றச்சாட்டு.

மரண வீடுகளிலே எழும் ஐயங்கள் சிலவே. அவை ஒவ்வொன்றும் விடை கூறத் தக்கனவே.

முதலாவது, கண்ணைக் கொடுத்தவன் மறுபிறவியிலே குருடனாய்ப் பிறப்பான் என்னும் அச்சம். நம்மவரிற் பெரும்பாலோர் இறந்தாரைத் தகனஞ் செய்பவர்கள். தீயிலே வெந்து சாம்பலாகும் கண்ணினால் மறுபிறவிக்கு ஊனமில்லை. வேறொருவன் முகத்திலே ஒளிரும் கண்ணினால் ஊனமுண்டு என்பது எந்த நியாயம்? உயிர் தன் வினைக்கேற்ப வேறுடல் எடுக்கும் என்றும், விட்டுச் செல்லும் தூல உடல் அதனைத் தொடர்வதில்லை என்றும் நம் சித்தாந்தம் கூறுகின்றது. வினை தொடரும் என்பது உண்மையானால், ஒரு குருடனுக்குப் பார்வை தந்த நல்வினையும் தொடரத்தானே வேண்டும்? இதை ஒரு வழக்கறிஞர் சொன்னால் வாதமென்று தள்ளுவர். சிவாசாரியார் சொன்னால் ஆறுதலென்று கொள்ளுவர். ஆகவேதான் ஆலயங்கள் வாய் திறக்க வேண்டும் என்கின்றோம்.

இரண்டாவது, முகம் சிதையும் என்னும் அச்சம். பிறருக்குப் பொருத்தப்படுவது, விழியின் முன்னே பளிங்கு போல் அமைந்துள்ள மென்படலமேயாகும். கண்ணை எடுக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இமைகள் மூடியபடியே இருக்கும். பார்க்க வருவோருக்கு வேறுபாடு தெரியாது.

மூன்றாவது, கிரியைகள் தாமதமாகும் என்னும் அச்சம். மரணம் நிகழ்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்படல் வேண்டும். பிரேதத்தை நீராட்டிக் கிரியை தொடங்குமுன்னரே அது நிறைவேறிவிடலாம். வீட்டிலே இறந்தவரிடமிருந்தும் கண்ணைப் பெறலாம். கண்ணாடி அணிந்தவர், வெண்புரைச் சத்திர சிகிச்சை செய்தவர், நீரிழிவுள்ளவர் ஆகியோரும் கொடுக்கலாம். விசர்நாய்க்கடியினால் இறந்தோர், எயிட்ஸ் போன்ற தொற்றுடையோர் ஆகிய சிலரே விலக்கப்படுவர்.

இக்கண்கள் யாருக்குப் பயன்படும் என்பதைக் கமக்காரர் நன்கு அறிதல் வேண்டும். பார்வையிழந்த எல்லாருக்கும் இச்சிகிச்சை பயன் தராது. விழியின் முன்படலம் பழுதடைந்தோருக்கே பயன் தரும். அறுவடையின்போதும் சூடடிக்கும்போதும் நெல்லுமியோ வைக்கோற்றுரும்போ கண்ணிற் பட்டுப் புண்ணாகி, பூஞ்சணம் பற்றி, படலம் வெளிறிப் போவது வயல் செய்யும் நாடுகளிலெல்லாம் காணப்படும் துன்பம். சோறு போடுகின்றவனுடைய கண் அவ்வாறு மங்கும்போது, அதை மீட்கக் கூடிய படலத்தைக் கனத்தையிலும் கல்கிசையிலும் நாள்தோறும் தீக்கும் மண்ணுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

கண்ணோடு இது முடியவில்லை. வட மத்திய மாகாணத்திலே 1990களில் வெளிப்பட்ட காரணம் தெளியாத சிறுநீரக நோய், மெதவாச்சியிலும் பதவியாவிலும் ஆயிரக் கணக்கான கமக்காரக் குடும்பங்களை நலித்திருக்கின்றது. வன்னியும் அதற்கு விலக்கன்று. நீரின் கடினத்தன்மையா, புளோரைட்டா, விவசாய இரசாயனங்களா, கடும் வெயிலா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். வாதம் முடியும்வரை நோய் காத்திருப்பதில்லை. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரமளவு, குருதி சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடக்க வேண்டும். அந்நிலையில் வயலை யார் பார்ப்பது? மாற்றுச் சிறுநீரகமே அவரை மீண்டும் வரப்பில் நிறுத்தக் கூடியது.

உயிரோடிருப்போர் ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாம். அவ்வாறு கொடுத்த உறவினரும் பௌத்த பிக்குகளும் இந்நாட்டில் உண்டு. ஆயினும், மூளைச்சாவு அடைந்த ஒருவர் இரு சிறுநீரகங்கள், ஈரல், இருதயம், நுரையீரல்கள் என்று பலருக்கு வாழ்வளிக்க இயலும். மூளைச்சாவு என்பது வெறும் மயக்கமன்று, மீளக்கூடிய நிலையுமன்று. மூளை முழுவதும் மீளாவகையில் செயலற்றுப்போக, இயந்திரத்தின் உதவியினால் மாத்திரம் மூச்சு நடைபெறும் நிலை அது. மாற்றுச் சிகிச்சைக் குழுவைச் சாராத வைத்தியர்களே அதனை முறைப்படி சோதித்து உறுதி செய்தல் வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட நெறி. நம் நாட்டு வைத்தியர்களின் திறமையில் ஐயமில்லை. 2017இல் கண்டி வைத்தியசாலையிலே இந்நாட்டின் முதலாவது இருதய மாற்றுச் சத்திர சிகிச்சை நிறைவேறியது. வைத்தியரின் கையிலே கத்தி ஆயத்தமாக இருக்கின்றது. கொடுப்போரின் கையெழுத்தே இல்லை.

அக்கரையைப் பார்ப்போம். 2008 செப்டெம்பரிலே, மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயது மாணவனின் உறுப்புகளை, வைத்தியர்களான அவன் பெற்றோர் தானம் செய்தனர். சென்னைப் பொலிசார் வீதிகளை ஒழித்து வழிவிட, அவன் இருதயம் சில நிமிடங்களிலே நகரின் மறுபுறம் சென்று ஒரு சிறுமியின் மார்பிலே துடித்தது. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெற்றோரைப் பற்றிப் பேசிற்று. அவ்வாண்டிலே அரசாங்கமும் ஒழுங்கான விதிகளை வகுத்தது. 2014இல் அதற்கென ஓர் ஆணையம் அமைந்தது. உறுப்புகளை ஈந்தோரின் இறுதிச் சடங்கு அரச மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டெம்பரிலே முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். ஒரு குடும்பத்தின் ஈகையும் அரசின் ஒழுங்கும் கைகோத்தபோது ஒரு மாநிலத்தின் மனமே மாறியது. அங்கே மாறிய மனம் தமிழ் மனந்தானே? இங்கே மாறாதென்று யார் சொல்லுவர்?

இது சைவர்களுக்கு மாத்திரம் உரிய கடமையன்று. கொட்டாஞ்சேனைத் தேவாலயத்திலும் வெள்ளவத்தைத் தேவாலயத்திலும் தமிழிலே செபிக்கும் கத்தோலிக்கருக்கு அவர்களின் பெருந்தலைவரே வழிகாட்டியிருக்கின்றார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, உரோமையிற் கூடிய மாற்றுச் சிகிச்சை வல்லுநர் மாநாட்டில், உறுப்புத் தானம் உண்மையான அன்பின் செயல் என்று உரைத்தார். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் சர்வதேசக் கழகம் 1988இல் ஜித்தாவிலே கூடி, விற்பனையை விலக்கி, நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. மூளைச்சாவு குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைப்பது நம் வேலையன்று. அவரவர் மார்க்கத்தின் அறிஞர் தமிழிலே, தெளிவாக, தம் மக்களுக்குத் தம் தீர்ப்பைச் சொல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சட்டம் என்ன கூறுகின்றது? மனித இழையங்களை மாற்றிப் பொருத்துதல் பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமே இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஒருவர் தம் மறைவுக்குப் பின் தம் உடலையோ அதன் பகுதியையோ அளிக்க எழுத்திலே சம்மதம் தரலாம். அதன் உயிர்நாடி சம்மதம் என்னும் ஒரு சொல்லே. நடைமுறையிலோ, இறந்தவர் கையொப்பமிட்டிருந்தாலும் குடும்பத்தவர் மறுத்தால் எந்த வைத்தியரும் பலவந்தமாகக் கத்தியை எடுக்கமாட்டார். எனவே விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பி அலுமாரிக்குள் பூட்டி வைப்பதனாற் பயனில்லை. மனைவியும் மக்களும் சகோதரரும் அறியச் சொல்லி வைத்தல் வேண்டும்.

தானத்தின் பெயரால் வாணிகம் நடப்பதையும் நாம் மறைக்கப்போவதில்லை. 2016இல் இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொணர்ந்து கொழும்பிலே சிறுநீரக வியாபாரம் நடந்ததென்ற குற்றச்சாட்டு எழுந்து, வெளிநாட்டாருக்கான சத்திர சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. 2022இன் இறுதியிலே, பொருளாதார நெருக்கடியில் நொந்த கொழும்பின் வறிய குடியிருப்பு மக்களைப் பண ஆசை காட்டி ஏமாற்றியதாக முறைப்பாடுகள் எழுந்தன. பொலிசார் விசாரணை நடத்தினர். கடன்பட்டவனின் சிறுநீரகத்தைக் காசுக்கு வாங்குவது தானமாகாது, கொள்ளையாகும். இறந்தோர் தாமாகக் கொடுக்கும் வழக்கம் பெருகினால், இருப்போரை விலைபேசும் தரகனுக்குச் சந்தை சுருங்கும். ஆகையால் உறுப்புத் தானத்தை வளர்ப்பது ஏழையைக் காக்கும் அரண்களுள் ஒன்றுமாகும்.

இங்கே ஒரு கேள்வி எழும். எழுவது இயல்பே. “நம் உரிமைகளை மறுத்த அரசுக்கு நாம் ஏன் கண்ணையும் சிறுநீரகத்தையும் கொடுக்க வேண்டும்?” என்று கேட்பார் உளர். இக்கேள்வியை அலட்சியம் செய்ய நாம் ஒருப்படோம். இந்தத் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் 1983 யூலையிலே நடந்ததைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பெற்ற மகனின் உடலைக் காணாமலே, கிரியை செய்வதா தவிர்ப்பதா என்றறியாமல், வீதியோரப் பந்தல்களிலே ஆண்டுக் கணக்காக அமர்ந்திருக்கும் தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் உளர். அவர்களுக்கு உடல் என்பது வெறும் இழையமன்று. 2020இல் கொரோனாவின் பெயரால் முஸ்லிம் சகோதரரின் சடலங்களை அவர்கள் மார்க்கத்துக்கு மாறாக எரித்த அதே அரசாங்கம், உலகம் கண்டித்த பின்னரே 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதித்தது. 2024 யூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, எரிந்த உடல்கள் திரும்பவில்லை.

இவ்வரலாற்றை அறிந்தவர்களாதலினாலேயே சொல்லுகின்றோம்: இந்நாட்டிலே உறுப்புத் தானம் கட்டளையினால் வளரலாகாது. இங்கிலாந்திலே 2020 முதல், மறுப்புத் தெரிவிக்காதோர் யாவரும் சம்மதித்தவராகவே கொள்ளப்படும் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கின்றது. அரசின் மீது நம்பிக்கை குன்றிய நம் மக்களிடம் அதைக் கொணர்ந்தால் அச்சமே பெருகும். நமக்கு ஏற்றது மனமுவந்து அளிக்கும் வழியே. மக்கள் நம்பும் ஆலயமும் தேவாலயமும் பள்ளிவாசலும் அவ்வழிக்கு வாயில்களாதல் வேண்டும். அரசு காவலனாக நிற்கட்டும். உரிமையாளனாக வர வேண்டாம்.

கண்ணைக் கொடுப்பவர் அரசுக்குக் கொடுப்பதில்லை. பார்வையிழந்த ஒரு மனிதருக்குக் கொடுக்கின்றார். அவர் பதவியாவிலே சிங்களராகவும் இருக்கலாம். வவுனியாவிலே தமிழராகவும் இருக்கலாம். மன்னாரிலே முஸ்லிமாகவும் இருக்கலாம். உரிமைக்காக நாம் நடத்தும் போராட்டம் எந்த மனிதருக்கும் எதிரானதன்று என்று மேடைதோறும் சொல்லி வந்திருக்கின்றோம். சொன்னதைச் செயலாற் காட்டும் வழிகளில் இதனினும் சிறந்தது வேறுண்டோ?

அதே வேளையிலே, உரிமையொன்றை நாம் உறுதியாகக் கேட்கின்றோம். சம்மதம் என்பது விளங்கிக்கொண்டு கொடுப்பது. விளங்காத மொழியிலே வாங்கிய கையொப்பம் சட்டத்தின் கண்ணுக்குச் சம்மதமாகத் தோன்றலாம். அறத்தின் கண்ணுக்குத் தோன்றாது. இழையச் சட்டம் நிறைவேறிய அதே 1987ஆம் ஆண்டிலேதான் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. களுபோவிலை வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலே கலங்கி நிற்கும் தமிழ்த் தாயிடம், அவள் மகனின் நிலையைத் தமிழிலே எடுத்துரைக்க ஒருவர் இருத்தல் வேண்டும். அவள் கையிலே கொடுக்கும் பத்திரம் தமிழிலே இருத்தல் வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் அதை மதிக்கும் மரியாதையும் அங்கே இருத்தல் வேண்டும். இம்மூன்றும் சலுகைகளல்ல, உரிமைகள்.

இனிச் செய்ய வேண்டியவை யாவை?

ஆலய பரிபாலன சபைகள் ஆண்டுக்கொரு நாளை இதற்கென ஒதுக்கட்டும். தை மாதத்து மிருகசீரிட நாளிலே கண்ணப்ப நாயனாரின் குருபூசை வருகின்றது. அதனினும் பொருத்தமான நாள் யாது? அன்று சிவாசாரியார் கண்ணப்பரின் கதையைச் சொல்லட்டும். கண் வைத்தியர் ஒருவர் ஐயங்களுக்கு விடையளிக்கட்டும். கண் தானச் சங்கத்தின் பத்திரங்கள் தமிழிலே மண்டபத்தில் வைக்கப்படட்டும். தர்மகர்த்தாக்கள் முதலிற் கையொப்பமிடட்டும். அவர்கள் இடாத கையொப்பத்தை அடியார்களிடம் கேட்பது முறையன்று.

அபரக்கிரியை செய்யும் குருமாரும் மலர்ச்சாலை நடத்துவோரும் முக்கியமானவர்கள். மரணச் செய்தி முதலில் எட்டுவது அவர்களையே. கண் வங்கியின் தொலைபேசி இலக்கம் அவர்கள் கையில் இருக்கட்டும். “இறந்தவர் கண் தானத்துக்கு எழுதி வைத்தாரா?” என்ற ஒரு வினாவை அமைதியாகக் கேட்கட்டும். வற்புறுத்தல் வேண்டா. துக்கத்தின் நடுவே மனத்தை மாற்ற முயல்வது பண்பாகாது. மனத்தை மாற்றும் பேச்செல்லாம் வாழ்கின்ற நாளிலே, ஆலய மண்டபத்திலே, இராப்போசன வேளையிலே நிகழட்டும்.

தமிழ் வைத்தியர்கள் மாதத்தில் ஒரு மாலையை இதற்குக் கொடுக்கட்டும். வழக்கறிஞர்கள் சம்மதப் பத்திரத்தின் தமிழ் வாசகத்தைச் செப்பஞ் செய்து தரட்டும். கமக்காரர் சங்கங்கள் தம் ஆண்டுக் கூட்டத்திலே சிறுநீரக நோயைப் பற்றியும் மாற்றுச் சிகிச்சையைப் பற்றியும் கேட்டறியட்டும். ஊரிலே நடப்பதைக் கொழும்பும், கொழும்பிலே நடப்பதை ஊரும் அறியட்டும்.

இவற்றிலே எதற்கும் பெருநிதி வேண்டியதில்லை. புதிய சட்டமும் வேண்டியதில்லை. வேண்டுவது நாவசைவு ஒன்றே. காணிக்கையாக வெள்ளியிலே கண்மலர் செய்து ஆலயத்திலே சாத்தும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு இருக்கின்றது. அக்காணிக்கை தொடரட்டும். அதனோடு, தீக்கிரையாகவிருக்கும் தம் கண்ணையும் ஒளியற்ற ஒருவருக்குக் காணிக்கையாக்க அடியார்கள் முன்வரட்டும். அதற்குரிய முதற்சொல் கருவறை வாசலிலிருந்தே எழ வேண்டும். குருமாரே, தர்மகர்த்தாக்களே, உங்கள் சொல்லுக்காகவே மக்கள் காத்திருக்கின்றனர்!